சீர் வண்டியின் நான்கு வீல்கள்

எங்கள் வீட்டுக்கு லாரி திரும்பி வந்தால் அப்பா முதலில் டிரைவரின் முகத்தைப் பார்க்க மாட்டார். டயரைத்தான் பார்ப்பார். லோடு இறக்கிவிட்டு வந்த வண்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். அங்கங்கே குனிந்து கட்டைவிரலால் தடவுவார். பிறகு நிமிர்ந்து, "ஏப்பா, ஓட்டல்காரன் வாசல்ல போட்டுவெச்ச கல்லு மேல ஏத்தி எறக்கியிருக்கற. பசின்னா அத்தன அவசரமா?" என்பார். டிரைவர் தலையைச் சொறிவார். வண்டியோடு கூடவே போய்விட்டு வந்தவர் மாதிரி எப்படிச் சொல்கிறார் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். டயரும் வீலும் ஒன்றையும் மறைக்காது என்பது அப்பாவின் கட்சி. மனிதர்கள் விஷயத்தில் அவருக்குக் கண் போதாது என்பது அம்மாவின் கட்சி. இரண்டு கட்சிக்கும் நடுவில் நான் வளர்ந்தேன்.

புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி எங்கள் வீடு. நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அரைப்பரீட்சை விடுமுறையில் ஒரு மத்தியானம், முத்து வெள்ளை நிறத்தில் ஒரு கார் மெதுவாக ஊர்ந்து வந்து எங்கள் வாசலில் நின்றது. ஓட்டி வந்தது அத்தை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது எடப்பாடிப் பக்கம், கால்வாய்ப் பாலத்தைத் தாண்டிப் போகிற ஒரு ஊரில், தறி வைத்திருந்த குடும்பத்தில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். தாத்தா இல்லாததால் அண்ணன் என்ற முறையில் அப்பாவே முன்னின்று எல்லாம் செய்தார். சீரோடு சீராக இந்தக் காரும் போனது. சாதாரண மாடல் போதும் என்று எல்லோரும் சொல்லியும் அலாய் வீல் போட்ட உயர்ந்த மாடல்தான் வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றாராம். லாரிக்காரன் வீட்டுப் பெண் பிளாஸ்டிக் மூடி போட்ட வீலில் போகக் கூடாதாம். கல்யாண ஆல்பத்தில் அப்பா மாப்பிள்ளையோடு நிற்கிற படம் ஒன்றுதான் இருக்கிறது. அந்த வீலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சிரிக்கிற படங்கள் அதைவிட அதிகம்.

அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எப்போது பழகினாய் என்று அம்மா கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே வந்துவிட்டது, கொஞ்ச நாளாக வீட்டில் ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் பழகினேன் என்றாள் அத்தை. கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. என்னைக் கட்டிக்கொண்டு, "நெம்ப வளந்துட்டியே சாமி," என்றாள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தது. அத்தை போகவில்லை. பெரியவர்கள் நான் வந்தால் பேச்சை மாற்றினார்கள். ஆனால் ஒளிந்து நின்று கேட்க வீட்டில் சுவருக்கும் கதவுக்கும் என்ன குறை? எல்லாம் காதில் விழுந்தது. அவர் அடிப்பாரா என்று அத்தையைக் கேட்டார்கள். இல்லை. குடிப்பாரா? விசேஷத்துக்குத்தான். வேறு ஏதாவது சகவாசமா? அப்படி எதுவும் இல்லை. குழந்தை இல்லாததைச் சொல்லிக் காட்டுகிறார்களா? அது எந்த வீட்டில்தான் இல்லை? அவர்களுக்குக் கேட்கத் தெரிந்த கேள்விகள் அவ்வளவுதான். அவை தீர்ந்துபோனதும் குற்றம் மெதுவாக நகர்ந்து அத்தையின் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அங்க இருக்கப் பயமா இருக்குதுங்ணா," என்று மட்டும் ஒரு முறை சொன்னாள்.

"பயமா? பேயா பிசாசா, என்ன பயம்?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லீங்ணா."

அப்பா கெட்டவர் இல்லை. தங்கை வந்த நாளிலிருந்து அவளுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தார். ஆனால் புகுந்த வீட்டில் சின்னச் சின்ன மனத்தாங்கல் வந்தால் பேசித் தீர்த்து அனுப்பி வைப்பதுதான் அண்ணனின் வேலை என்று அவர் நம்பினார். அதனால் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த பெரியவர்களை வைத்துப் பேச ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவார்கள், சாப்பிட்டுவிட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று முடிவாயிற்று. அத்தையிடம் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. எனக்கு மட்டும் அவள் போவதில் துளியும் இஷ்டமில்லை, எனக்குத் தலை பின்னிவிட வேறு ஆள் இல்லை.

இதற்கிடையில் எடப்பாடியிலிருந்து ஒரு பேச்சு காற்றுவாக்கில் வந்து சேர்ந்தது. கொடுத்த வண்டியே லட்சணம் கெட்டுக் கிடக்கிறது, வீலெல்லாம் சொறிபிடித்த மாதிரி இருக்கிறது என்று அந்த வீட்டில் யாரோ சொன்னார்களாம். தங்கை பயம் என்று சொன்னபோது சிரித்த அப்பாவுக்கு இது சுருக்கென்று தைத்துவிட்டது. செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய்க் காரைச் சுற்றிப் பார்த்தார். வலப்பக்கத்து வீல்கள் இரண்டும் மங்கிப் போயிருந்தன, அவ்வளவுதான். இடப்பக்கத்து வீல்கள் இரண்டும் தேங்காய் துருவியில் வைத்துத் தேய்த்தது போலக் கிடந்தன.

"என்னம்மிணி இது, இந்தக் கோலத்துல வெச்சிருக்கற?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"நான் ஓட்டிப் பழகறப்ப ஒரசிருச்சுங்ணா," என்றாள் அத்தை.

அப்பா பெரிதாகச் சிரித்தார். பெண்பிள்ளைகள் ஓட்டினால் இப்படித்தான் என்று அம்மாவைப் பார்த்து ஒரு பேச்சும் பேசிக்கொண்டார். ஊரான் ஓட்டின லாரியின் டயரில் கல்லையும் பள்ளத்தையும் கண்டுபிடிக்கிற மனிதர் அன்றைக்கு அந்த வீலை ஒரு தரம்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

தங்கையை அனுப்பும்போது சீரும் பழுதில்லாமல் போக வேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டார். சனிக்கிழமை காலையிலேயே வேலை ஆரம்பமாயிற்று. அம்மா ஒரு பக்கம் வருகிறவர்களுக்காகப் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்தாள். இன்னொரு பக்கம் அப்பா ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, கல் முட்டுக்கொடுத்து, நான்கு வீல்களையும் கழற்றினார். பக்கத்துப் பஞ்சர் கடையில் டயர்களைப் பிரித்து வாங்கி வந்து வீல்களை மட்டும் சாக்கின் மேல் வரிசையாகக் கிடத்தினார். மத்தியானம் நாமக்கல்லிலிருந்து லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிற பெயின்டர் கம்பிரசரோடு வருவார். அதற்குள் பழைய பூச்சை எடுத்து, தேய்த்து, பள்ளங்களில் பட்டி வைத்து அடைத்து, மழமழவென்று ஆக்கி வைக்க வேண்டும்.

எனக்கும் வேலை கிடைத்தது. வலப்பக்கத்து வீல்கள் லேசானவை என்பதால் அவற்றை என்னிடம் கொடுத்தார். முதலில் டீசலும் சோப்பும் போட்டுக் கறுப்புத் தூசியைக் கழுவினோம். பிறகு அப்பா ஒரு மருந்தைப் பிரஷ்ஷால் தடவினார். கொஞ்ச நேரத்தில் பழைய பூச்சு காய்ச்சிய பாலின் ஆடை போலச் சுருங்கி எழும்பியது. அதை வழித்துவிட்டு, தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். மங்கல் கரைந்து உள்ளேயிருந்து வெள்ளி போல மினுங்க ஆரம்பித்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை நான்தான் செய்தேன் என்று சாலையில் போகிற பஸ்களை நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

அத்தை டீ கொண்டுவந்தாள். சாக்கில் கிடந்த வீல்களைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எதுக்குங்ணா?"

"எதுக்கா? என்ற தங்கச்சிய ஊரு சிரிக்கறாப்ல அனுப்பிப்போடுவனா? கண்ணாலத்தன்னிக்கு எப்புடி இருந்துதோ அப்புடியே ஆக்கித்தான் அனுப்போணும்."

அத்தையின் கண்கள் நிறைந்துவிட்டன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக உள்ளே போனாள். அண்ணனின் பாசத்தில் நெகிழ்ந்துவிட்டாள் என்று அப்பா நினைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் இன்னும் அழுத்தித் தேய்த்தார்.

நான் என் வீல்களை முடித்துவிட்டு அப்பாவுக்கு உதவப் போனேன். இடப்பக்கத்து முன்வீல் அவர் மடியில் இருந்தது; நடுவைத்தான் தேய்த்திருந்தார், ஓரத்துக்கு இன்னும் வரவில்லை. ஓரத்துக் கீறல்களில் ஏதோ நிறம் ஒட்டியிருந்தது எனக்குத்தான் முதலில் தெரிந்தது. பின்னூசியால் கிளறிப் பார்த்தேன்.

"அப்பா, இதுக்குள்ள மஞ்சப் பெயின்ட் இருக்குதுங்க."

அப்பா வாங்கிப் பார்த்தார். அப்போதுதான் லாரி டயரைத் தடவுகிற மாதிரி கட்டைவிரலை அந்த ஓரத்தில் வைத்தார். விரல் நகர்ந்தது, நிற்கவில்லை. முழுச் சுற்றும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. பின்வீலை எடுத்தார். அதிலும் அப்படியே விரல் ஒரு வட்டம் அடித்தது. ஒரு கீறலின் மேல் இன்னொரு கீறல், அதற்கடியில் பிரேக் தூசி அப்பிக் கறுத்துப்போன பழைய கீறல்கள். உப்புத்தாள் கையிலிருந்து கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"அம்மிணி," என்று கூப்பிட்டார். அத்தை கதவோரம் வந்து நின்றாள்.

"உங்க ஊருக் கால்வாப் பாலத்துல ஓரக்கல்லு என்ன கலரு?"

இந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

"மஞ்சளும் கறுப்புமுங்ணா."

அப்பா எழுந்து போய்க் குழாயடியில் கைகளைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

பெயின்டர் வந்தபோது, வலப்பக்கத்து வீல்களுக்கு மட்டும் அடித்தால் போதும் என்றார். பெயின்டர் இதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு வாதாடிப் பார்த்தார். பாதி அடித்துவிட்டுப் போனால் என் தொழில் என்ன ஆவது என்றெல்லாம் கேட்டார். அப்பா அசையவில்லை. என்னுடைய வீல்கள் இரண்டும் பிரைமர் வாங்கி, வெள்ளிப் பெயின்ட் வாங்கி, அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சும் வாங்கி வெயிலில் காய்ந்தன. மற்ற இரண்டும் பட்டிகூட வைக்காமல் அப்படியே டயர் ஏறி வண்டிக்குத் திரும்பின. எனக்கு அழுகை வந்தது. நாளைக்கு ஆள்கள் வருகிற வீட்டில் இப்படி ஒரு அரைகுறை வேலையா?

ஞாயிற்றுக்கிழமை காலை புளியமரத்தடியில் நாற்காலிகள் போட்டார்கள். அப்பா காரை எடுத்து நாற்காலிகளுக்கு எதிரே நிறுத்தினார். அதுவும் இடப்பக்கம், அந்தக் கோரமான பக்கம், வருகிறவர்களின் கண்ணுக்கு நேராக! என்னால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"திருப்பி நிறுத்துங்கப்பா. என்ற வீலு தெரியோணும்."

"இப்புடியே இருக்கட்டும் சாமி."

நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அம்மா வந்து என்னை இழுத்துக்கொண்டு போய் உள்ளே ஜன்னலோரம் உட்காரவைத்தாள். கதவுக்குப் பின்னால் அத்தை சுவரைப் பார்த்து நின்றாள்.

வந்தவர்களில் அத்தையின் வீட்டுக்காரரும் இருந்தார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். சத்தமாகப் பேச மாட்டார். வரும்போதெல்லாம் எனக்குத் தேன்மிட்டாய் வாங்கி வருவார். அன்றைக்கும் ஜன்னலருகே வந்து, ஏன் கண்ணு அழுகிறாய் என்று விசாரித்து, ஒரு பொட்டலத்தை நீட்டினார். அழுதுகொண்டே வாங்கிக்கொண்டேன்.

எல்லோருக்கும் காப்பி கொடுத்தானதும் அப்பா எழுந்து நின்றார். "பேசறதுக்கு முன்னால வண்டிய ஒருக்காப் பாத்துருங்க. சீரு வண்டியில கொற இருக்குதுன்னு சொன்னீங்களாமா," என்றார். குரலில் கோபமே இல்லை.

வந்தவர்களில் பாதிப் பேர் லாரியோ போர்வெல் போடுகிற ரிக் வண்டியோ வைத்திருந்தவர்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் எழுந்து காரைச் சுற்றினார். அவர் மாப்பிள்ளைக்கே பெரியப்பா முறை. மறுபக்கம் போய், இந்த வீல் புதுசாட்டம் இருக்குதே என்று வியந்தது ஜன்னல் வரை கேட்டது. எனக்குக் கொஞ்சம் பெருமை வந்தது. பிறகு இந்தப் பக்கம் வந்தார். முன்வீலருகே குந்தினார். அவரும் கட்டைவிரலை வைத்தார். அதுவும் ஒரு வட்டம் போய் வந்தது. நகத்தால் மஞ்சளைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது ஆரு ஓட்டுனது?"

"அவதானுங்க பெரியப்பா. பழகறப்ப ஒரசிப்போட்டா," என்றார் அத்தையின் வீட்டுக்காரர்.

"பழகறவங்க ஒரசுனா ஏதாச்சு ஒரு எடத்துல ஒரசுமப்பா. இது சுத்தியும் ஒரசியிருக்குது. வண்டி வேகமாப் போயிட்டிருக்கறப்ப ஒரசுனது. எத்தன வருசமா இப்புடி ஓட்டற?"

அத்தையின் வீட்டுக்காரர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அந்த வீலைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் மீசைக்காரர் அப்பாவிடம் வந்து அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நாங்க பொறப்படறமுங்க. அம்மிணி இங்கயே இருக்கட்டும்," என்றார்.

சாப்பிடாமலே போய்விட்டார்கள். அம்மா சுட்டு வைத்திருந்த பருப்பு வடைகளை நாங்களே தின்று தீர்க்க வேண்டியிருந்தது. கார்கள் சாலையில் ஏறிய சத்தம் கேட்டதும் அத்தை சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அப்பா உள்ளே வரவேயில்லை. போய்ப் பார்த்தேன். அந்த முன்வீலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார், ஆல்பத்தில் இருக்கிற அதே மாதிரி. தோள்கள் குலுங்கின. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேலை பாதியில் நின்றுபோன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன். பெயின்டரை மறுபடியும் வரச் சொல்லலாம் என்று ஆறுதல்கூடச் சொன்னேன்.

அத்தை எங்களோடு இருந்துவிட்டாள். ராசிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் காரிலேயே போய் வந்தாள். எனக்குத் தலை பின்னிவிட ஆள் இருந்ததால் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் கணக்கு முடித்துக்கொண்டேன். இடப்பக்கத்து வீல்களுக்குப் பெயின்ட் அடிக்க யாரும் பேச்செடுக்கவில்லை.

கல்லூரியில் படித்தபோது எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அத்தைதான். அதே கார். நான் ஓட்டுநர் இருக்கையில், அத்தை எனக்கு இடப்பக்கம். நன்றாகத்தான் பழக்கினாள். நான் செய்த தப்புகளுக்கெல்லாம் சிரித்தாள். ஒரு நாள் ராசிபுரம் சாலையில், ஒரு சின்னப் பாலத்தின் மேல், பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. பதற்றத்தில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்துவிட்டேன். வண்டி ஓரக்கல்லை நோக்கிப் போனது. உரசவில்லை, ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கும்.

அத்தை கத்தவில்லை. கால்கள் இரண்டையும் இருக்கையின் மேல் இழுத்துக்கொண்டாள். உடம்பு முழுவதும் என் பக்கமாக ஒடுங்கியது. ஒரு கை மட்டும் கண்ணாடியில், பாலத்தைத் தள்ளி நிறுத்துவது போல விரிந்திருந்தது. கண்களை இறுக்கி மூடியிருந்தாள். பலமுறை செய்து பழகிய உடம்புதான் அவ்வளவு வேகமாக அதைச் செய்யும்.

பாலத்தைத் தாண்டி வண்டியை ஓரங்கட்டினேன். அத்தை மெதுவாகக் கண் திறந்தாள். காலைக் கீழே இறக்கிச் சேலையைச் சரிசெய்தாள்.

"ஒண்ணுமில்ல சாமி. நீ நல்லாத்தான் ஓட்டற."

அப்பாவிடம் சொன்ன அதே ஒன்றுமில்லை. பாலத்தின் ஓரம் ஓட்டுகிறவருக்கு எப்போதும் தூரத்தில்தான் இருக்கிறது. அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் பக்கம். தேன்மிட்டாய் வாங்கி வந்த, சத்தமாகப் பேசாத அந்த மனிதர், கோபம் வரும்போதெல்லாம் கால்வாய்ப் பாலத்தின் மேல் வண்டியை வேகமாக ஓரத்துக்கு ஒதுக்கிக் கல்லில் உரசவிட்டு ஓட்டியிருக்கிறார். கீழே தண்ணீர். கைநீட்டி ஒரு அடிகூட அடிக்கவில்லை. இதைக் கேட்கிற கேள்வி எங்கள் வீட்டில் யாரிடமும் இருக்கவில்லை.

டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இடப்பக்கத்து முன்வீலருகே குந்தினேன். மஞ்சள் இன்னும் அங்கங்கே ஒட்டியிருந்தது. கட்டைவிரலை ஓரத்தில் வைத்தேன். அது ஒரு முழுச் சுற்றும் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இந்தப் பக்கம் யாருக்கும் தெரியக் கூடாது என்று, வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்லித் தரையில் உட்கார்ந்து அழுதவள் நான்.